பாலிஷ் போடக் கூடாத ஜீப்

எங்கள் அண்ணன் கீழ்பென்னாத்தூரில், மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலையைப் பயிரிட்டு வந்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பை நிறுத்திவிட்டு, சென்னையில் ஒரு பெயின்ட் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரி முடித்தேன். பிறகு திருவண்ணாமலை வந்து செங்கம் ரோட்டில் சொந்தமாக ஷெட் போட்டார். கோபக்காரர். வாடிக்கையாளரின் ரசனையை முகத்துக்கு நேராகவே திட்டியவர். இதை நல்ல குணமாகவே எழுதுகிறேன்.

அண்ணனுக்குப் பளபளப்பு என்றாலே அருவருப்பு. பாகு ஊற்றியது போல் மினுங்கும் கார்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது எனக்கும் ஒட்டிக்கொண்டது.

தமக்கென்று அவர் செய்துகொண்டது ஒரே ஒரு வண்டிதான். பழைய ஜீப்பை வாங்கி, உருமாற்றி, கரும்பச்சையில் சாட்டின் பெயின்ட் அடித்தார். பட்டுப்புடவையின் உட்புறம் போல மங்கலான மினுக்கம் மட்டும் இருக்கும். மற்ற பெயின்ட்டில் தூசி விழுந்தால் தேய்த்து, பாலிஷ் போட்டு மறைத்துவிடலாம். இதில் தேய்த்த இடமெல்லாம் திட்டுத் திட்டாகப் பளபளக்கும். பானெட்டை மட்டும் அண்ணன் பலமுறை அடித்தார். சாப்பிடக் கூப்பிடப் போன என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "உள்ள வராத. உன் புடவையிலர்ந்து ஒரு நூலு பறந்தாலும் போச்சு."

வேலை முடிந்ததும் பார்க்க வந்த சித்தப்பா, பளபளப்பு இல்லாததைப் பார்த்து, பெயின்ட் வேலை எப்போது முடியும் என்று கேட்டார். அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார்.

பிறகு ஈரல் கெட்டுப் படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலும் அவருக்கு ஜீப் நினைப்புதான். துணி போட்டுத் தேய்க்க யாரையும் விடாதே என்று என்னிடம் சொன்னார்.

காரியத்தன்று ஜீப்பின் மேல் அண்ணன் படத்தை வைக்கலாம் என்றார்கள். அம்மாவை அழைத்துவர உள்ளே போனேன். வெளியே வந்து பார்த்தால், சித்தப்பாவும் மாப்பிள்ளைகளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மெழுகு பாலிஷால் பானெட்டைத் தேய்த்து முடித்திருந்தார்கள். எண்ணெய் வழியும் மூஞ்சி மாதிரி இருந்தது. அதன்மேல் சந்தனம், குங்குமம், மாலை. இப்போதுதான் வண்டி புதுசு போல இருக்கிறது என்று சுற்றி நின்றவர்கள் பாராட்டினார்கள்.

"எம் புள்ள வண்டி அழுக்கா நிக்கக் கூடாதுன்னுதாம்மா தேச்சோம்," என்றார் சித்தப்பா. அவர் கண் கலங்கியிருந்தது. அண்ணன் படத்தை வைக்கச் சொல்லி அவர் கையில் கொடுத்தேன்.

கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும், ரத்தம் கொடுத்த நண்பர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. பாலிஷ் போட்டவர்களுக்கும் நன்றி எழுதச் சொன்னார் அம்மா. வருஷம் திரும்பியும் எனக்கு மனசு வரவில்லை.

பானெட்டைச் சரிசெய்து தருவதாக வேறு பெயின்டர்கள் சொல்கிறார்கள். அதற்கு முதலில் அண்ணன் அடித்ததையும் சேர்த்துச் சுரண்டி எடுக்க வேண்டுமாம். வேண்டாம் என்றுவிட்டேன். அந்த அசிங்கமான பளபளப்போடுதான் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.