ஓட்டியவரின் பெயர்

இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் ஊரின் பெரிய வீதியில் ஒரு முருகன் கோயில் உண்டு. முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். கோபுரம் இல்லை, வாசலில் ஒரு பலகை மட்டும்தான். ஆனாலும் அதைக் கடக்கும்போது என் கை தானாக எழும்பிவிடும். நான் சித்தாண்டியில் பிறந்தவள். அங்கே கோயிலைக் கடக்கும் பஸ் சாரதிகள்கூட ஒரு கணம் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத்தான் கும்பிடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் அதற்குப் பயப்படுவதில்லை. கும்பிடாமல் போனால்தான் பயப்படுவார்கள்.

போன வருடம் அண்ணன் மகளின் கல்யாணத்துக்காக ஊருக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் காலை, அந்தக் கோயிலை நான் இரண்டு கைகளையும் கூப்பியபடி காரில் கடந்தேன். பயணம் நல்லபடி அமைய வேண்டுமே என்று வழமையைவிடக் கொஞ்சம் நீளமாகவே கும்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது (ஓம், மூடியும் இருந்தேன்) வீதியோரம் ஒரு வெள்ளை வான் நின்றது. அதன் பின்கண்ணாடியில் கமரா. கமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

என் லைசன்ஸுக்கு அப்போது ஒன்றரை வயது. நாற்பத்தெட்டு வயதில், ஐந்தாவது சோதனையில் சித்தியடைந்து எடுத்தது. இங்கிலாந்தில் புதிதாக லைசன்ஸ் எடுத்தவர் இரண்டு வருடத்துக்குள் ஆறு தண்டனைப் புள்ளிகள் வாங்கினால் லைசன்ஸ் பறிபோகும். மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். வேகமாக ஓட்டியதற்கு என்னிடம் ஏற்கெனவே மூன்று இருந்தன. கவனமில்லாமல் ஓட்டியதற்குக் குறைந்தது இன்னும் மூன்று வரும். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு ஓடவே ஓடாது. இந்தக் கூட்டல் மட்டும் உடனே ஓடியது. வயோதிபர்களின் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுப்பது என் வேலை. ஒரு நாளைக்கு எட்டு வீடு, எட்டும் எட்டுத் திசையில். கார் ஓட்டாவிட்டால் அந்த வேலை இல்லை.

கூட வேலை செய்பவள் ஆறுதல் சொன்னாள். பதினாலு நாளுக்குள் பொலிஸ் கடிதம் வர வேண்டுமாம், வராவிட்டால் தப்பினேனாம். அந்தப் பதினாலு நாளையும் நான் சித்தாண்டியில் அண்ணன் வீட்டில் கழித்தேன். இங்கிலாந்தில் தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். அப்போது ஊரில் பின்னேரம் நாலரை. நாலரைக்கு எல்லாரும் தேத்தண்ணி குடிக்க, நான் வீட்டு வளவின் மூலைக்குப் போய்ப் புருசனுக்குப் போன் எடுப்பேன்.

"கடிதம் வந்ததா?"

"ஒண்டும் வரல்ல புள்ள. நீ கல்யாணத்தப் பாரு."

தினமும் மூலைக்குப் போவதைப் பார்த்த அண்ணன் பெண்சாதி, என் மச்சாள், எனக்கும் அவருக்கும் ஏதோ சண்டை என்று முடிவுகட்டி என்னை இரக்கமாக நடத்தத் தொடங்கினா. இரண்டு தரம் நண்டுக் கறி வைத்துத் தந்தா. அந்த மரியாதையைக் கெடுக்க மனமில்லாமல் கொஞ்ச நாள் பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவர் வயல் வட்டையிலிருந்து வந்து சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கும்பிட்டதுக்குமா தெண்டம்?"

"கும்பிட்டதுக்கில்ல அண்ணன். கைய விட்டதுக்கு."

"கைய விடாம எப்பிடிக் கும்பிடுற?"

அவர் யோசித்துவிட்டு, "அங்க பொலிஸில தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லையா?" என்றார்.

மறுநாள் செங்கலடிச் சந்தியில், மோட்டார் சைக்கிளில் போன எங்களைப் பொலிஸ் மறித்தது. பின்னால் இருந்த எனக்குத் தலைக்கவசம் இல்லை. பொலிஸ்காரர் அண்ணனை நன்றாக ஏசினார், கல்யாணம் எப்போது என்று விசாரித்தார், பிறகு தெண்டத்தையும் எழுதிக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அண்ணன் விசிலடித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னை ஏச ஒருவரும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்கக்கூடியது ஒரு தபால் பெட்டியிடம் மட்டும்தான்.

அண்ணன்தான் நேர்த்திக்கடன் வைக்கச் சொன்னார். கடிதம் வராவிட்டால் சித்தாண்டி முருகனுக்கு இருபத்தொரு தேங்காய். இந்த வழக்கில் முருகனும் ஒரு பங்காளி என்பதால் அவரிடமே போவது சரியா என்று எனக்குச் சந்தேகம். ஆனாலும் வைத்தேன்.

பதினாலாம் நாளும் புருசன் "ஒண்டும் வரல்ல" என்றார். அன்றிரவு நான் செத்தவள் மாதிரித் தூங்கினேன். மறுநாள் கோயிலில் இருபத்தொரு தேங்காயும் உடைத்துவிட்டு, வீதியில் நின்றபடியே போன் எடுத்தேன்.

"நேர்த்திய முடிச்சிட்டன். ஒரு தேங்காயும் அழுகல் இல்ல."

"உடைச்சிட்டியா?" என்றார். "அவசரப்பட்டுட்டாய் புள்ள."

கடிதம் ஐந்தாம் நாளே வந்திருந்தது. கார் அவர் பெயரில்தான் பதிவு. ஆகவே அன்று ஓட்டியவர் யார் என்று கேட்டு அவருக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். அவர் தன் பெயரை எழுதி, கையெழுத்து வைத்து, அன்றைக்கே தபாலில் போட்டுவிட்டார். அரசாங்கத்துக்குப் பொய் எழுதியது அவரை உறுத்தவில்லை. முருகனுக்குப் பொய்யாய்த் தேங்காய் உடைபட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

"என்ட லைசன்ஸ் சுத்தமாத்தானே கிடக்கு. மூணு புள்ளி வந்தா வரட்டும். உன்ட போனா வேலையும் போகும்."

"அவங்களிட்டப் படம் இருக்கும். அதில நான் பொட்டு வச்சிருக்கன். உங்களுக்கு மீச."

"படம் ஒண்டும் அனுப்பல்லையே."

"இப்பிடிப் பொய் எழுதினா மறியலில போட்டுக் கம்பி எண்ண வைப்பாங்க. தெரியுமா உங்களுக்கு?"

தெரியவில்லை. "மறியலா?" என்று இரண்டு தரம் கேட்டார். வீதியில் நின்று அவரை வாயில் வந்தபடி ஏசினேன். ஏசி முடிந்ததும் அழுகை வந்தது. இருபத்தாறு வருடக் குடும்பத்தில் எனக்காக அவர் சொன்ன முதல் பொய் அது. என் கறி நன்றாக இருக்கிறது என்றுகூட அந்த மனிதன் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அன்று பின்னேரமே உட்கார்ந்து பொலிஸுக்குக் கடிதம் எழுதினேன். காரை ஓட்டியது நான், என் கணவர் அப்போது வீட்டில் நித்திரையில் இருந்தார், அவர் எழுதியது என்மேல் உள்ள அக்கறையில். திரும்பிப் போன அன்றே இருவரும் கையெழுத்து வைத்து அனுப்பினோம். ஆறு கிழமை கழித்துப் பதில் வந்தது. அவரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். என் லைசன்ஸ் போய்விட்டது.

வேலை இடத்தில், நேரத்துக்கு வந்தால் போதும், எப்படி வருகிறாய் என்பது உன் பாடு என்றார்கள். அவருக்குப் பேக்கரியில் பின்னேர வேலை, முன்பெல்லாம் காலை பத்து மணிவரை நித்திரை கொள்வார். இப்போது ஐந்தரைக்கு எழும்பி, எட்டு வீட்டுக்கும் என்னை ஏற்றிப் போகிறார். நான் உள்ளே வேலை செய்ய, அவர் காரில் இருந்தபடியே கண்ணயர்கிறார். மூன்றாவது வீட்டுக் கிழவி ஒருநாள் யன்னலால் பார்த்துவிட்டு, அது யார், உன் சாரதியா என்று கேட்டாள்.

ஓம், அவர்தான் ஓட்டுபவர் என்றேன். எழுத்திலும் கொடுத்திருக்கிறார்.