அடியில் ஓட்டையில்லாத தொட்டி

திருச்செங்கோட்டு நாச்சிமுத்துவுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் நடத்திவிட முடியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பதினாறு வயதில் போர் போடும் ரிக் வண்டியில் கூலிக்கு ஏறினார்; இன்றைக்குச் சொந்தத்தில் இரண்டு வண்டி ஓடுகிறது. ஏழு மாநிலத்துப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் காட்டிய மனுசன்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் மருமகள் தனப்பிரியா, பாங்குப் பயிற்சிக்குச் சென்னைக்குக் கிளம்பும்போது ஒரு சொம்பை நீட்டினாள்.

“மாமா, எங்கம்மாவோட மணிபிளாண்டுக்கு வாரத்துக்கு அரைச் சொம்பு போதுமுங்க. மேல ஊத்தீராதீங்க.”

“எனக்கே அளவு சொல்றியா அம்மிணி?”

“உங்களுக்குத்தானுங்க மாமா சொல்லோணும்.”

பக்கத்தில் நின்ற மனைவி சின்னாயி சிரித்துவிட்டாள். அவருக்குச் சுருக்கென்றது.

ஓமலூரில் தனப்பிரியாவின் அம்மா போன வருடம் தவறிப்போனாள். அந்த வீட்டைக் காலி செய்தபோது பாத்திரம் பண்டமெல்லாம் தங்கைக்கு விட்டுவிட்டு, இந்தக் கொடியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தவள் அவள். இப்போது அது கூடத்து ஜன்னலோரம், தென்னைநார் சுற்றிய கம்பில் ஆளுயரம் ஏறி நின்றது. பூப்போட்ட பீங்கான் தொட்டி மட்டும் மகன் புதிதாக வாங்கிய மூன்றில் ஒன்று.

மூன்றாம் நாள் மேல்மண் வெளுத்துப் போயிருந்தது. பங்குனி வெயில், போதாததற்கு ஃபேன் காற்று. ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தவன் வீட்டில் ஒரு கொடி தாகத்தோடு நிற்பதா? ஒரு சொம்பு ஊற்றினார். மறுநாளும் வெளுத்தது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஊற்றினார். எட்டாம் நாள் இலை மஞ்சளாகித் தொங்கியது. தண்ணீர் பற்றவில்லை என்று மூன்றாக்கினார். பத்தாம் நாள் அடித்தண்டு கறுத்து, தொட்ட விரலில் கூழாக ஒட்டிக்கொண்டது.

ஒரு கம்பியை மண்ணில் இறக்கினார். நாலு விரற்கடைக்குக் கீழே சேறு, சாக்கடை வாடை. தொட்டியை வாசலுக்குத் தூக்கிப் போய்ச் சாய்த்தார். அடிப்பாகம் வழவழவென்று மூடிக் கிடந்தது. ஊசி நுழைய ஓட்டையில்லை.

“அட நாசமாப் போறவனே! செடி வெக்கறதுக்குத் தொட்டி செஞ்சியா, கொழம்பு வெக்கறதுக்குக் குண்டா செஞ்சியா? பூப்போடத் தெரிஞ்சவனுக்கு ஓட்டை போடத் தெரியலையா?”

“அவ அரைச் சொம்புன்னாளே, அது காதுல உழுகலீங்களா?” என்றாள் சின்னாயி.

அவர் உள்ளே போய்ப் பேட்டரி ட்ரில்லை எடுத்து வந்தார். பீங்கான் விரிசல் விடாமல் மெதுவாகத் துளைத்தார். ட்ரில் முனையை உருவியதும் கறுப்புத் தண்ணீர் பீச்சி அவர் வேட்டியில் அடித்தது.

“ஏனுங்க, இத்தன வருசத்துல அரையடியில தண்ணி கண்டது இப்பத்தானுங்களே!”

சிரிப்பு வரவில்லை அவருக்கு. “மேல்மண்ணப் பாத்து ஏமாறாதீங்க” என்று போர் போடப் போன இடத்தில் எத்தனை காட்டுக்காரனிடம் கெத்தாகச் சொல்லியிருக்கிறார்! வேரைத் தொட்டால் கையோடு வந்தது. மேலே கம்பைப் பிடித்திருந்த கணுக்கள் மட்டும் பச்சையாக இருந்தன. கணுவுக்குக் கீழே நறுக்கி, ஆறு துண்டைத் தண்ணீர் பாட்டிலில் நிறுத்தினார்.

பன்னிரண்டாம் நாள் தனப்பிரியா வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை.

“மாமா... கொடி?”

“நாந்தான் சாமி அழுக வெச்சுப்போட்டேன். நீ சொன்னதுக்கு மேல ஊத்துனேன்.” அடுத்த நொடியே குரல் ஏறியது. “ஆனா ஓட்டையில்லாத தொட்டிய வித்தவன மட்டும் நான் உடமாட்டேன்!”

அவள் பாட்டிலருகே உட்கார்ந்தாள். ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கணுவில் அரிசி முனையளவு வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவள், அதேபோல் இன்னும் இரண்டு பீங்கான் தொட்டிகளைத் தூக்கி வந்து அவர் காலடியில் வைத்தாள்.

“இதுகளுக்கும் அடியில ஓட்டை போட்டுக் குடுத்துருங்க மாமா. தண்ணி மட்டும் நான் ஊத்திக்கறனுங்க.”

நாச்சிமுத்து ட்ரில்லை எடுத்தார். ஒன்றுக்கு மூன்று ஓட்டை போட்டார். ஒவ்வொன்றுக்கும் விற்றவனை ஒருமுறை திட்டினார்.