டெப் ஒன்று, மாப்பிள்ளை இரண்டு

சென்ற வியாழக்கிழமை கல்முனைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கியது. திரும்பினால் லாபிர் காக்கா. எங்கள் ஊரில் பாதிக் கலியாணங்களைப் பேசி முடித்த தரகர்.

"மாஷா அல்லாஹ்! மாப்பிள்ளை டொக்டராமே? எனக்கொரு சொல்லுச் சொல்லாம முடிச்சிட்டீங்களே தம்பி!"

எந்த மாப்பிள்ளை? யார் டொக்டர்? என்னத்தை முடித்தேன்?

கேட்பதற்குள் அவர் சூரை மீன் தட்டுப் பக்கம் போய்விட்டார். நான் கீரி மீனுக்கு நீட்டிய காசைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மீனையும் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

விஷயம் விளங்க வேண்டுமென்றால் நீங்கள் என்னோடு திங்கட்கிழமைக்கு வரவேண்டும்.

திங்கட்கிழமை என் மகள் நுஹா அடுப்படியில் தாயிடம் கதைத்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு ரகசியம் காக்கத் தெரியாது, அவ்வளவுதான். கொழும்பில் சிறுவர் புத்தகம் போடுகிற ஒருவர் இவளுக்கு ஒரு கதை அனுப்பியிருக்கிறார். வீடு தேடி அலைகிற ஒரு நண்டின் கதை. மாதிரிக்கு மூன்று படம் கேட்டார். இவள் உம்மாவின் போனில் விரலால் கீறி அனுப்பினாள். 'கற்பனை அருமை. ஆனால் கோடுகள் தடிப்பு. நண்டின் கால்கள் வாழைப்பழம் போல இருக்கின்றன. திரைக்குரிய சரியான பேனையால் வரைந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் புத்தகம் உங்களுக்கு. இல்லையென்றால் வேறொருவருக்கு' என்று பதில் வந்திருக்கிறது.

"விரலுக்கு நான் என்ன செய்யிற உம்மா? சீவவா ஏலும்?" என்றாள் நுஹா.

ஏ.எல். பரீட்சை முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிற பிள்ளை. முதன்முதலாக ஒருவர் அவள் படத்துக்கு விலை சொல்லியிருக்கிறார். அந்த நிமிடமே தீர்மானித்தேன் - படம் கீறுவதற்கு, சிலேட்டு மாதிரிப் பெரிய திரையுள்ள ஒரு டெப் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். யாருக்கும் சொல்லாமல். திடீரென்று. பெட்டியோடு!

தகப்பன்மார் ரகசியமாகச் செய்கிற நல்ல காரியம் எதுவும் நல்லபடியாக முடிந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அது எங்கே நினைவுக்கு வருகிறது?

செவ்வாய்க்கிழமை றிஸ்வியின் கடைக்குப் போனேன். றிஸ்வி என்னோடு படித்தவன். முன்பு கைக்கடிகாரம் திருத்தினான். இப்போது போன், டெப் எல்லாம் விற்கிறான். கண்ணாடி மேசைக்கு மேல் இரண்டை எடுத்து வைத்தான்.

"இது மிட்-ரேஞ்ச். இது ஹை-எண்ட்."

"என்ன வித்தியாசம்?"

அவன் சொன்னான். ரெம் என்றான், புரொசசர் என்றான், ஹெர்ட்ஸ் என்றான். பெரியதன் திரை ஒரு செக்கனுக்கு நூற்றிருபது தடவை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளுமாம். நான் கடைசியாக என்னைப் புதுப்பித்துக்கொண்டது அடையாள அட்டைக்குப் படம் எடுத்த அன்று.

நெல்லென்றால் ஒரு பிடி அள்ளி, இரண்டைக் கடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இதை எங்கே கடிப்பது?

"யாருக்கு மச்சான்?" என்று கேட்டான் றிஸ்வி.

"ஒருத்தருக்குக் குடுக்கிறதுக்கு. யாரெண்டு கேக்காத. பெட்டி வடிவா இரிக்கணும்."

றிஸ்வி என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "விளங்கிட்டு, விளங்கிட்டு" என்றான். இரண்டாவது 'விளங்கிட்டு'வில் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அன்றிரவு கட்டாரிலிருக்கும் மனைவியின் தம்பிக்குக் குரல் பதிவு அனுப்பினேன். "ரெண்டையும் எடுக்காதீங்க மச்சான். ரெண்டு மாசத்தில புதுசு வருது" என்று பதில் வந்தது. ரெண்டு மாதம் கழித்துக் கேட்டால் அடுத்த ரெண்டு மாதத்தில் இன்னொன்று வரும். இந்தக் கணக்கில் உலகம் முடிகிற கியாமத்து நாள் வரைக்கும் யாரும் எதுவும் வாங்க ஏலாது.

புதன்கிழமை திரும்பவும் கடை. பெரியதைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணைப் பறித்தது. சிறியதைத் தூக்கினேன். இதற்கு என்ன குறை என்று தோன்றியது. பெரியதை வைத்தால் சிறியது நியாயமாகத் தெரிகிறது. சிறியதை வைத்தால் பெரியது கூப்பிடுகிறது. வீட்டுக்குப் போனேன். பாதி வழியில் திரும்பி வந்தேன்.

"மச்சான், நீ இஸ்திஹாரா தொழுதிட்டு வா. எனக்கு ஏலா" என்றான் றிஸ்வி.

இரண்டில் எதை எடுப்பதென்று அல்லாஹ்விடம் கேட்கிற தொழுகை அது. எதையும் கேட்கலாம்தான். ஆனாலும் ஜிகாபைட் கணக்கை அங்கே கொண்டுபோக எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது வியாழக்கிழமை மீன் சந்தை உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு அப்போதும் விளங்கவில்லை!

எங்கள் பக்கத்து வழக்கம் வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். மகள் பிறந்ததும் வாப்பா கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்குவார், அவளுக்கு வீடு கட்ட. நானும் என் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். கலியாணத்துக்கு மாமா எனக்கு ஒரு சைக்கிளும் கைக்கடிகாரமும் தந்தார். அதே வருடம் பக்கத்து வளவு மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. ஊர் என்னை எந்த இடத்தில் வைத்தது என்று நான் சொல்லித்தானா தெரியவேண்டும்?

ஆகவே கலியாண வயதில் குமர்ப்பிள்ளையை வைத்திருக்கிற ஒரு வாப்பா, வடிவான பெட்டியோடு விலை கூடிய சாமானை இரண்டு நாளாகத் தடவிப் பார்க்கிறார், யாருக்கென்றும் சொல்கிறாரில்லை என்றால்... ஊர் என்ன நினைக்கும்? மாப்பிள்ளை சரி. பெரிய டெப் என்றால் டொக்டர். வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நான் மறுபடி சிறியதை விசாரித்துவிட்டு வந்தேன். மஃரிப் தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது ஒருவர் ஆறுதலாகத் தோளைத் தட்டினார்.

"டொக்டர் சரிவரல்லயாம்? பரவால்ல. பள்ளிக்கூட மாஸ்டர்மாரும் நல்ல மனிசர்தான்."

எனக்கு டெப்பில் குழப்பம். ஊருக்கு மாப்பிள்ளையில் குழப்பம். இதில் மனைவிக்கு என்மேல் குழப்பம். "எனக்குத் தெரியாம என்ட புள்ளைக்கு மாப்பிள்ளயா?" என்று கேட்டுவிட்டு, இரவுச் சாப்பாட்டுக் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். நான் வாய் திறந்தால் ரகசியம் போய்விடுமே என்று பேசாமல் சாப்பிட்டேன். பேசாமல் இருப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான் என்று இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் படித்திருக்க வேண்டாமா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தேன். நுஹா ஜன்னலோரம் சும்மா இருந்தாள். போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. நண்டையும் காணோம், கீறிய ஒரு கோட்டையும் காணோம்.

"படம் கீறல்லயா மகள்?"

"என்னத்துக்கு?" அவள் என்னைப் பார்க்கவில்லை. "நேத்திலிருந்து கீறல்ல. டொக்டருக்கு டெப் எடுக்கிறீங்களாம். ஊரே சொல்லுது. எனக்கு ஒரு பேனைக்கு வழியில்லாம விரலால கீறுறன். முகமே தெரியாத ஒரு ஆளுக்கு..."

முடிக்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்காக ஓடிய நாலு நாளில் இரண்டு நாளை அவளிடமிருந்தே பிடுங்கியிருக்கிறேன். மிச்சம் இரண்டே நாள்.

"அது ஒனக்குத்தான்டி புள்ள" என்றேன். "நண்டுக்குத்தான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள்.

"அப்ப என்னட்ட ஒருக்காக் கேட்டா என்ன வாப்பா?"

"திடீரெண்டு தந்தா ஆச்சரியமா இரிக்கும் எண்டுதான்..."

"ஆச்சரியமாத்தான் இரிக்கி. மாப்பிள்ளையும் வந்து, போயும் போயிட்டார்!"

அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுச் சுவர்களைப் பற்றி முதலிலேயே சொன்னேனே.

சனிக்கிழமை காலை றிஸ்வி கடை திறக்குமுன் நாங்கள் வாசலில் நின்றோம். இரண்டையும் எடுத்து வைத்து அவன் ரெம்மில் தொடங்கினான். நுஹா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மாமா, பேனை எங்க?"

பெரியதற்குப் பேனை பெட்டியில் வராதாம். தனியாக வாங்க வேண்டுமாம். கொழும்பிலிருந்து செவ்வாய்க்கிழமைதான் வருமாம். சிறியதற்குப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. எடுத்தாள். நின்ற நிலையிலேயே ஒரு நண்டு கீறினாள். எட்டுக் கால், இரண்டு கொடுக்கு, எல்லாம் மெல்லிசாக, இப்போதே ஓடிவிடும் போல.

"இது போதும் வாப்பா."

மொத்தம் ஐந்து நிமிடம். நாலு நாளாக நான் டெப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பிள்ளைக்குத் தேவைப்பட்டது பேனை. அதை நான் கேட்கவேயில்லை. றிஸ்வியும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்ல அவனுக்கென்ன விசரா?

ஞாயிற்றுக்கிழமை அஸருக்கு முன் மூன்று படமும் போய்ச் சேர்ந்தன. செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. நண்டு ஓகே. கடைசிப் படத்தில் கடலைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டுமாம். புத்தகம் நுஹாவுக்கு.

நேற்று லாபிர் காக்கா வீடு தேடி வந்தார். பிளேன்டி குடித்தார். டொக்டர் கதை பொய்த்துப்போனதில் அவருக்கு உண்மையான கவலை.

"எல்லாம் கேள்விப்பட்டன் தம்பி. அது சரி, பெரிசப் பாத்திட்டு ஏன் மிட்-ரேஞ்சோட நிண்டீங்க?"

எனக்குத் திரும்பவும் குழப்பம். இவர் கேட்பது டெப்பையா, மாஸ்டரையா?

நான் யோசித்து முடிப்பதற்குள் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது:

"எங்கட வாப்பாவும் எனக்கு மிட்-ரேஞ்ச்தான் காக்கா எடுத்துத் தந்தவர். இருபத்திமூணு வருஷமா ஓடுது... சார்ஜ் மட்டும் கெதியா இறங்கும்."