கட்டுப்போட்ட காலும் மகளின் சொற்களும்

மழையில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து என் கால் எலும்பு முறிந்தபோது மகளுக்கு மூன்று வயது. பசறையில் ஓட்டோ ஓட்டுகிற நான் ஆறு வாரம் வீட்டில் கிடக்க வேண்டியதாயிற்று. மனைவி காலையில் கொழுந்தெடுக்கப் போகும்போது வழக்கமாகத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுச்செல்லும் மகளை என்னிடமே விட்டுப்போனாள்.

அப்போதுதான் கவனித்தேன். எது வேண்டுமென்றாலும் மகள் கையால் காட்டி "அது" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவள் விழிக்குமுன் போய், தூங்கியபின் வருகிற எனக்கு அது தெரியாமலே இருந்திருக்கிறது.

முதல் நாளே தண்ணீர்ப் போத்தல் கட்டிலுக்கடியில் உருண்டுவிட்டது.

"குனிம்மா" என்றேன். புரியாமல் விழித்தாள். கையை மடக்கிக் காட்டினேன். குனிந்தாள்.

"இப்ப தவழு."

தவழ்ந்துபோய் எடுத்துவந்தாள். "என்ன செஞ்ச?" என்று கேட்டேன்.

"குனி! தவழு!" என்றவள், போத்தலை மறுபடி கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டாள்.

அதுவே எங்கள் விளையாட்டானது. நான் சொல்லைச் சொல்ல, அவள் உடம்பால் செய்வாள். சுவர்த் தட்டிலிருக்கும் சீப்பை எடுக்க 'எக்கு'. பாயில் 'உருளு'. ஒருநாள் "பதுங்கு! பதுங்கு!" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டு அக்கா அகப்பையோடு ஓடிவந்துவிட்டார்.

"யாருங்க தம்பி வந்தா? எதுக்குப் பதுங்கச் சொல்றீங்க?"

கதவுக்குப் பின்னாலிருந்து மகள் சிரித்தாள். மறுநாள் அதே நேரத்துக்கு அந்த அக்கா தானாகவே வந்து, "இன்னிக்கு நொண்டச் சொல்லுங்க" என்றார்.

இரண்டாவது வாரம் அவள் என்னை ஏவத் தொடங்கினாள்.

"அப்பா, தவ்வு!"

கட்டைக் காட்டி, "முடியாதும்மா" என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

"கை தவ்வு."

என் கை கட்டில் முழுக்கத் தவ்வியது, உருண்டது, தலையணைக்கடியில் பதுங்கியது.

ஒரு சாயங்காலம் மனைவி மலையிலிருந்து நனைந்துபோய் வந்தாள். உடை மாற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போகப் பார்த்தவளை மகள் மறித்தாள்.

"அம்மா, குந்து."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

"சாயி. கண்ண மூடு."

சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். இரண்டு நிமிடத்தில் நிஜமாகவே தூங்கிப்போனாள். அடுத்த சொல்லை நான் எடுக்குமுன் மகள் என் வாயைப் பொத்தி, "அப்பா, பேசாத" என்றாள். சோறு அன்றைக்குத் தாமதமாகத்தான் வெந்தது.

கட்டைப் பிரிக்க மூவரும் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினோம். பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது மகள் சீட்டில் நின்றுகொண்டு, "சாயுது! நிமிருது! மறுபடி சாயுது!" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முன் சீட்டிலிருந்தவர் திரும்பி, "கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் சொல்லவில்லை.