கெசையா காத்திருக்க வைத்த சவப்பெட்டி

1887ஆம் ஆண்டு நவம்பர் 21, திங்கட்கிழமை. புரூக்வுட் இடுகாட்டில் இளவெயில் அடித்தது. புல்லின்மேல் உறைந்திருந்த பனி மெல்ல உருகிக்கொண்டிருந்தது. ஆனால், லண்டனிலிருந்து சவங்களை ஏற்றிவரும் ரயில் அன்று தாமதமாக வந்தது. இறங்கியவர்களின் தொப்பியிலும் தோளிலும் ஈரக்கரி அப்பியிருந்தது. நகரத்தில் எதிரே நிற்பவரின் முகம் தெரியாத மூடுபனி என்றார்கள்.

இடுகாட்டு ரயில் நிலையத்தின் சிற்றுண்டி அறையைக் கெசையா ட்ராட் நடத்திவந்தாள். ஒரு காலத்தில் அவளும் தன் தாயைப் புதைக்க இதே ரயிலில் வந்து இறங்கியவள்தான். அன்று அந்த அறையில் கூட்டம் நெரிந்தது. கோப்பை கழுவ ஆளில்லை. சும்மா உட்கார்ந்து அழுவதைவிடக் கைக்கு ஒரு வேலை இருந்தால் தேவலை என்று கழுவத் தொடங்கியவள், திரும்பும் ரயிலைத் தவறவிட்டாள். மறுநாளும் கழுவினாள். அப்படியே பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. பன்றித் தொடைக்கறியை மெல்லியதாக அரிவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அழுது ஓய்ந்தவர்களுக்குப் பசிக்கும் என்பதையும் அவர்கள் சொல்லாமலே அறிவாள்.

அந்த மூடுபனித் திங்கட்கிழமை வந்த சவப்பெட்டிகளுள் ஒன்றோடு எவரும் வரவில்லை. வக்கற்ற ஏழைகளுக்கு ஊர்ச்சபை தன் செலவில் அனுப்பும் மூன்றாம் வகுப்புப் பெட்டி அது. காத்திருக்க ஆளில்லாத சவத்தை முதலில் புதைத்துவிடுவதே அங்கு வழக்கம். சுமப்பவர்களின் தலைவனான ஆமோஸ் லார்பி அதைத் தூக்கச் சொன்னபோது, கெசையா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். ஊர்ச்சபைப் பெட்டி என்றால் வெறும் பலகையாக இருக்கும். இதன்மேலோ கறுப்புத் துணி போர்த்தித் தைத்திருந்தது.

"ஏம்ப்பா ஆமோஸ், இதைப் பார்த்தியா?"

"பார்த்தேன். துணி."

"மூலையில பாவாடை விளிம்பு தெரியுது பாரு. தன் பாவாடையைக் கிழிச்சுத் தைச்சிருக்கா. எவ்வளவு பொடித் தையல் பாரு. ஆருமில்லாதவனுக்கு எவ உட்கார்ந்து இப்படித் தைப்பா?"

"தைச்சவ வரலையே, ட்ராடம்மா."

"பனியில மாட்டியிருப்பா. இதைக் கடைசியா வச்சுக்க."

"ஆளுங்க நிக்கணும். பாதிரியாருக்கு வேற சளி. இருட்டிப்போச்சுன்னா நான்தான் குழிக்குள்ள விழுவேன்."

"விழுந்தா உனக்குத் தனியா ஒண்ணு தோண்ட வேணாம். ஆளுங்களுக்குச் சூடா டீயும் கறியும் நான் தரேன். என் சாப்பாட்டுப் பங்குலேருந்து."

ஆமோஸ் தலையைச் சொறிந்தான். "கறி தடிமனா இருக்கணும். நீங்க வழக்கமா அரியறதுல அந்தப் பக்கம் நிக்கிறவன் மூஞ்சி தெரியுது."

பாதிரியாரும் இருமிக்கொண்டே இசைந்தார். மற்றச் சவங்கள் ஒவ்வொன்றாக அடக்கமாயின. உறவினர்கள் வந்து தேநீர் அருந்தி, கேக் தின்று, தங்கள் ரயிலில் திரும்பிப் போனார்கள். பைன் மரங்களுக்குப் பின்னே வெயில் சிவந்தது. நிலையத்து மேடையில் அந்த ஒரு பெட்டி மட்டும் கிடந்தது.

"சொன்னதைவிட அதிகமாவே நின்னாச்சும்மா," என்றான் ஆமோஸ். இம்முறை அவன் குரலில் கேலி இல்லை. "இனி தூக்கித்தான் ஆகணும்."

கெசையா பாதையைப் பார்த்தாள். கடைசிப் பயணத்துக்கு நாலு பேர் வேண்டும் என்பார்கள். தூக்க நாலு பேர் இருந்தார்கள்; அழத்தான் ஒருவரும் இல்லை.

பெட்டி தோளேறியது. அப்போது, பொது ரயில் நிலையத்திலிருந்து வரும் பாதையில் ஒருத்தி ஓடிவந்தாள். தலையில் தொப்பியில்லை, பாவாடையின் விளிம்பெல்லாம் சேறு.

"நில்லுங்க. அது எங்கண்ணன். நான் தைச்ச துணி அது."

அவள் பெயர் லவீனியா பாஸ்க். துறைமுகத்தில் மூட்டை சுமந்து அவளை வளர்த்த அண்ணன், நெட். பனியில் அவள் ஏறிய குதிரைவண்டி வழிதவறிவிட்டது. இறங்கிப் பாலத்தின்மேல் ஓடி வருவதற்குள் சவரயில் போய்விட்டது. கையில் காசில்லாமலே பொது ரயிலில் ஏறி, கார்டிடம் உள்ளதைச் சொன்னாளாம். அவர் பயணச்சீட்டு கேட்கவில்லை. புரூக்வுட் வரும்வரை, அவளைக் காணாதவர்போலச் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாராம்.

"அந்தக் கார்டு உசரமான ஆளா, சிவப்பு மீசை?" என்று சுமந்தவர்களில் ஒருவன் கேட்டான். "அவனுக்கு ஒரு துண்டு கறி தரலாம்."

லவீனியா முன்னே நடந்தாள். பெட்டி பின்னே சென்றது. பாதிரியார் அண்ணனின் பெயரைச் சொல்லக் கேட்டாள். முதல் பிடி மண்ணை அவளே போட்டாள். அதன்பிறகு சிற்றுண்டி அறையில் அடுப்போரம் உட்கார்ந்து, வைத்ததையெல்லாம் உண்டாள்.

மறுவாரமும் லண்டனில் பனி. துணைக்கு எவரும் வராத பெட்டியை ஆமோஸ் தானாகவே கடைசிக்குத் தள்ளிவைத்தான். அதற்குக் கறி கேட்கவில்லை. பின்னர்ப் பனியில்லாத நாள்களிலும் அதுவே வழக்கமாயிற்று. அப்படிக் காத்திருந்தவற்றுள் பலவற்றுக்கு எவரும் வரவில்லை, சிலவற்றுக்கு வந்தார்கள்.

லவீனியா ஆண்டுதோறும் வசந்தத்தில் வருவாள். முதலில் தனியாக வந்தாள். பிறகு புத்தகம் கட்டும் கணவனோடு. அதன்பின் இடுப்பில் ஒரு குழந்தையோடு. குழந்தைக்கும் நெட் என்றே பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் வாயில் ஒட்டியிருந்த கேக்கைத் துடைத்தபடியே அவள் கேட்டாள்:

"அன்னிக்கு நான் வராமலே போயிருந்தா என்னம்மா பண்ணியிருப்பீங்க?"

கெசையா கோப்பையில் தேநீரை ஊற்றி முடித்தாள்.

"குழியோரமா நான் போய் நின்னிருப்பேன், கண்ணு."