கவர்னரின் பெயரைத் தேடி டூட்டிங்கிலிருந்து ஏழு மைல்

1993 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இந்தப் பயணம் போனேன். மகன் பிறந்து முப்பத்தெட்டு நாள். நாற்பத்திரண்டு நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும் என்பது இங்கிலாந்துச் சட்டம். திங்கட்கிழமை காலை பதிவு அலுவலகத்தில் நேரம் எடுத்திருந்தோம். பெயரில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் குடும்பத்து மூத்த மகன்கள் எல்லோருக்கும், நான் உட்பட, ஒரு அமெரிக்க மாநிலக் கவர்னரின் பெயர்தான்.

சிரிக்காதீர்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முதல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் நடத்திய விடுதிப் பள்ளியில், ஒரு பையனின் செலவை அமெரிக்காவில் யார் ஏற்றாரோ அவருடைய பெயரையே பையனுக்கு வைத்துவிடுவார்கள். என் பூட்டனின் தகப்பனுக்கு வாய்த்தவர் கவர்னர். பிறகு குடும்பம் சைவத்துக்குத் திரும்பியது, பெயர் மட்டும் போகவில்லை. "எங்களைப் படிப்பிச்சது ஒரு கவர்னர்" என்று நாங்கள் இருக்கும் லண்டன் டூட்டிங் முழுக்கப் பீற்றித் திரிந்தவன் நான். மகனுக்குச் சொல்ல அந்த மனிதரின் வரலாற்றையும் தெரிந்துவைப்போம் என்று கிளம்பினேன்.

டூட்டிங் பிராட்வேயில் 9.40க்கு ரயில். கென்னிங்டனில் மாறி, கூஜ் ஸ்ட்ரீட்டில் இறங்க 10.20. ஒருநாள் டிக்கெட் 2 பவுண்டு 80. அங்கிருந்து பல்கலைக்கழக நூலகத்துக்குப் பத்து நிமிட நடை. அங்கே வேலை செய்யும் மலேசியத் தமிழ்ப் பெண் ராஜேஸ்வரி புத்தகத்தை எடுத்து வைத்திருந்தார். கவர்னரின் பேரன் எழுதிய தடித்த வரலாறு.

ஏழை விவசாயியின் மகன். வழக்கறிஞர். முப்பது வயதில் சட்டசபை, பிறகு இரண்டு தடவை கவர்னர். வீதிகள் போட்டார், கல்லூரி கட்டினார், தேவாலயத்துக்கு அள்ளிக் கொடுத்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அடுத்து பருத்தித் தோட்டமும் அடிமைகளும் வந்தன. அமெரிக்காவின் தெற்கத்தி ஆள், இதுவும் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன்.

அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது குற்றம் என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரே இவர்தான். என்ர கடவுளே! எங்கள் பையன் படிக்கக் காசு அனுப்பிய அதே கை!

அதோடு முடியவில்லை. தோட்டத்தில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கவர்னரே பெயர் வைப்பாராம். ஒரு தாய் தன் பிள்ளையைத் தான் விரும்பிய பெயரால் இரகசியமாகக் கூப்பிட்டிருக்கிறாள். அதற்காக அவளை மட்டும் வேறு தோட்டத்துக்கு விற்றுவிட்டார். இதைப் பேரன் 'ஒழுங்கு' என்று புகழ்ந்து எழுதியிருந்தான், பாவி!

"என்ன அண்ணே, முகமே வெளுத்துப் போச்சு? தண்ணி கொண்டாரவா?" என்றார் ராஜேஸ்வரி.

"இந்தாளின்ர பெயரைத்தான் நான் காவித் திரியிறன், தங்கச்சி. திங்கட்கிழமை பிள்ளைக்கும் வைக்கப் போறன்."

அவர் அந்தப் பக்கத்தை வாசித்தார். "அண்ணி என்ன சொல்றாங்க?"

வெளியே வந்து, போன் பெட்டியிலிருந்து வீட்டில் மனைவிக்கு எடுத்தேன்.

"சாந்தி, பிள்ளைக்கு நீர் என்ன பெயர் நினைச்சிருந்தனீர்?"

"ஏனப்பா இப்ப கேக்கிறியள்? உங்கட ஆக்களின்ர பெயர்தானே எண்டு சொன்னனீங்கள்."

"பரவாயில்லை, சொல்லும்."

"கோவிக்கமாட்டியளே? நீங்கள் ஷிப்டுக்குப் போனாப் பிறகு நான் அவனை இளங்கோ எண்டுதான் கூப்பிடுறனான்."

மிச்சச் சில்லறையையும் பெட்டியில் போட்டு, எனக்குக் கேட்க அவனை அந்தப் பெயரால் ஒருமுறை கூப்பிடச் சொன்னேன்.

திங்கட்கிழமை இளங்கோ என்றே பதிந்தோம். என்னைப்போல மிஷன் பெயரோடு திரிகிறவர்கள் அந்தப் பெயரின் ஆளைத் தேடிப் போகலாம், போகவும் வேண்டும். நூலக அனுமதிக்கு முதலே கடிதம் எழுதுங்கள். பேனா விடமாட்டார்கள், பென்சில் கொண்டுபோங்கள். போட்டோகொப்பி பக்கத்துக்குப் பத்துப் பென்ஸ். முழுநாளும் ஒதுக்குங்கள். ஆனால் பிள்ளைக்குப் பெயர் வைக்கத்தான் இந்தப் பயணம் என்றால், ரயில் ஏறுவதற்கு முன்னர் பெற்றவளைக் கேளுங்கள். எனக்கு அந்தக் கேள்வி முப்பத்தெட்டு நாளாக வாயில் வரவில்லை.