ஷைலா தேடிப் பிடித்த பள்ளி

உள்ளறையில் ஜாமெட்ரி பாக்ஸ் விழுந்தது. காம்பஸும் ஸ்கேலும் சிமெண்ட் தரையில் சிதறிய சத்தம் ஓய்ந்த பிறகும் யாரும் அவற்றைப் பொறுக்கவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் நிக்கோல் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது ஷைலாவுக்குத் தெரிந்துவிட்டது.

கூடத்து நாற்காலியில் நிக்கோலின் கணக்கு ஆசிரியர் முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். அவர் எழுதிக் கொண்டுவந்த தாள் மேசைமேல் கிடந்தது. சொந்தக் காரணங்களுக்காக என் மகளைப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொள்கிறேன் என்று இருந்த அந்த வரிக்குக் கீழே கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"நாளைக்கு எக்ஸாமுக்குப் பேருங்க அனுப்பணும். அதான் ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம வந்தேன். கணக்குல பதினொண்ணு மார்க் எடுத்துக் கீறா. டி.சி. வாங்கிட்டு ப்ரைவேட்டா எழுதட்டும்மா. எங்க ஸ்கூல் பேரும் கெடாது, பொண்ணுக்கும் நிம்மதி."

"சார் நம்ம நல்லதுக்குத்தானே சொல்றாரு?" என்று ஷைலாவின் கணவன் கொர்னேலியஸ் பேனா மூடியைக் கழற்றினான். எந்த அதிகாரியைக் கண்டாலும் எழுந்து நிற்கிற மனிதன் அவன்.

ஷைலா அந்தப் பேனாவையே பார்த்தாள். இந்தப் பள்ளிக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமா? பெங்களூருக்கு வேலைக்குப் போகும் காலை ரயிலில், பக்கத்தில் உட்காருகிற ஒவ்வொருத்தியிடமும் விசாரித்திருக்கிறாள். உங்க பொண்ணு எந்த கவர்மெண்ட் ஹைஸ்கூல், வாத்தியார் ஒழுங்கா வர்றாரா, பொம்பளப் புள்ளைங்களுக்கு பாத்ரூம் கீதா? பூதிகோட்டைப் பக்கம் மைதானம் பெரிது என்றார்கள். பங்காருபேட்டையில் ஒரு டீச்சரம்மா தங்கம் என்றார்கள். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அவள் பிடித்தது இந்தப் பள்ளியை. காரணம், வாசலில் கட்டியிருந்த பேனர். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி! தாலுகாவில் வேறெந்தப் பள்ளிக்கும் அந்தப் பெருமை இல்லை.

"ப்ரைவேட்டா எழுதினா யார் சார் சொல்லித் தருவாங்க? நான் வீடு வந்து சேர்றதே இருட்டினப்புறம்."

"டியூஷன் வைங்க."

"அப்புறம் ஸ்கூல் எதுக்கு சார்?"

முனிரத்தினத்தின் முகம் சிவந்தது. "இன்னாம்மா, நீங்க மட்டும் இவ்ளோ பேசறீங்க? போன வருஷம் பக்கத்து வூட்டு ஜூடித்தம்மா ஒரு வார்த்த பேசாம கையெழுத்துப் போட்டாங்க!"

படிப்பு ஏறலை, அவளே நின்னுட்டா என்றுதானே ஜூடித் தன் மகளைப் பற்றி எல்லோரிடமும் சொன்னாள்? அந்த ஸ்கூல்ல சேந்தும் படிக்கலைன்னா பொண்ணு மேலதான் தப்பு என்று ஷைலாவே சர்ச் வாசலில் நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தாள். ஜூடித் குடையை விரித்துக்கொண்டு நடந்தாள். அவள் மகள் இன்று ஆண்டர்சன்பேட்டைத் துணிக்கடையில் நாளெல்லாம் நின்று புடவை மடிக்கிறாள்.

அப்படியென்றால் அந்தப் பேனர்?

"சார்," என்றாள். "எங்கப்பா ஏசுபாதம் சுரங்கத்துல வேலை பாத்தவர். இறங்கறப்ப ஆளுக்கொரு டோக்கன் எடுத்துட்டுப் போவாங்க. ஏறி வந்ததும் பலகையில மாட்டணும். ஒரு நாள் ஷிஃப்ட் முடிஞ்சி எல்லா டோக்கனும் மாட்டியாச்சி, எங்கப்பாவோடத தவிர. அந்த வெறும் ஆணியக் காட்டித்தான் ஆபீசர் எங்கம்மாகிட்ட ஆள் இன்னும் உள்ளதான் கீறான்னு சொன்னார். பொணமா வந்தாலும் பரவால்லன்னு தேடினாங்க சார். அந்த ஆணிய யாரும் புடுங்கிப் போடல."

ஷைலா மேசைமேல் கிடந்த தாளை ஆசிரியர் பக்கம் தள்ளினாள்.

"இறங்கினவங்கள எண்ணாம, ஏறி வந்தவங்கள மட்டும் எண்ணினா, எல்லா ஷிஃப்டும் நூத்துக்கு நூறுதான். இல்லீங்களா சார்?"

முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் ஒரு பொண்ணு கீதும்மா. மேல இருந்து நெருக்கறாங்க, நான் இன்னா பண்றது?" பிறகு, "மார்ச்ல ஃபெயில் ஆயிட்டா?" என்று கேட்டார்.

ஷைலா வாய் திறப்பதற்குள் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. கொர்னேலியஸ் அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

"ஃபெயில் ஆனா உங்க ஸ்கூல் பொண்ணாவே ஃபெயில் ஆவட்டும் சார். நாளைக்கு அவ பேரும் போவணும்," என்றான்.

ஷைலா கணவனை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

ஆசிரியர் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். "எச்.எம். சும்மா விட மாட்டாரும்மா."

"வரச் சொல்லுங்க. ஜூடித்தையும் கூப்பிட்டு உக்கார வெச்சிக்கிறேன்."

படியிறங்கியவர் பக்கத்து வீட்டு வாசலை ஒரு தரம் பார்த்தார். பிறகு வேகமாக நடந்தார். உள்ளே நிக்கோல் தரையில் குனிந்து காம்பஸைத் தேடும் சத்தம் கேட்டது. ஷைலா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.